முழுச் சம்மதம் என்று நீ சொன்னது

சேகர்,

நீ நலமாக இருக்கிறாய் என்பதை ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். படத்தில் முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது, சந்தோஷம். தாடியை எடுத்திருக்கலாம். இதை அதே பேப்பருக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். உனக்கு வாட்சப்பில் அனுப்பியிருந்தால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு உன் வேலைக்குப் போயிருப்பாய். நேரில் சொல்லியிருந்தால் "அம்மா, டென்ஷன் ஆகாத லா" என்று என் தோளைத் தட்டியிருப்பாய். ஊர் கேட்க நீ சொன்ன ஒன்றுக்கு ஊர் கேட்கத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பேப்பரில் கூப்பிட்டுப் பேசுவது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்.

"என் அக்கா மகனைக் கொன்ற இளைஞனின் கதையைத்தான் படமாக எடுக்கிறேன். குடும்பத்தின் முழுச் சம்மதத்தோடு எடுக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாய். அது வந்த மறுநாள் காலை உன் அக்கா மாலதி கிள்ளான் பாசார் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். காய்கறிக் கடைக்கார அம்மா அங்கிருந்தே கையை ஆட்டினாளாம். "மாலதி, பேப்பர்ல பாத்தேன்! எவ்ளோ பெரிய மனசு உனக்கு! நானா இருந்தா அந்தப் பயல வெட்டி ஆத்துல வீசியிருப்பேன் லா." பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாலதி, கடைக்காரர் சுத்தம் செய்து வைத்த மீனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நீ சம்மதம் சொன்னியாம்மா?" என்றாள். இல்லை என்றேன். "நானும் சொல்லல. அப்ப யாரு சொன்னது? செத்துப்போனவனா?" என்றாள். அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

அடுத்த திங்கட்கிழமை ஷூட்டிங் என்கிறாய். அதற்குள் என் பதில் உனக்குத் தெரிய வேண்டும். அவசரமாகச் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

லோகேஷைப் பற்றிப் பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும் என்று நீ கிண்டல் செய்வாய். உயரத்தான் செய்யும். என் முதல் பேரன். வளைந்த குச்சியை உறுமி மேளத்தின் தோலில் அவன் தேய்த்து இழுத்தால், தைப்பூசத்தில் காவடி எடுத்தவர் களைத்துப்போய் நின்றிருந்தாலும் கால் தானாக எழும். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. எனக்கு போனில் பழைய பாட்டுப் போட்டுக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். தப்பாக அழுத்தினால் "பாட்டி, போன் உங்களைப் பாத்து பயப்படுது" என்பான். அவனைவிட ஒரு வயது இளையவன், நீ படமாக எடுக்கும் அந்தப் பையன். அதே மேளக் குழு, பக்கத்து புளோக் வீடு. பயிற்சி முடிந்து திடலுக்குப் பின்னால் இருவருக்கும் வாய்த்தகராறு. மேளத்துக் கயிறு அறுக்க வைத்திருந்த கத்தி அந்தப் பையன் கையில் இருந்திருக்கிறது. லோகேஷ் போய்விட்டான். யார் செய்தது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. வெளியாட்கள் என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்து, தகனம் முடிந்த மறுநாள்தான் அந்தப் பையனைப் போலிஸ் பிடித்துவிட்டது என்று செய்தி வந்தது. வருஷங்கள் ஓடிவிட்டன, இன்னும் சிறையில்தான் இருக்கிறான். அவன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவனைப் பெற்றவள் இன்னும் நாலு பேர் நடுவே வேலைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.

இனி, போன வருஷம் நீ காட்டிய அந்த ஜெர்மன் படம். பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடை மாடியில் நீயும் உன் நண்பர்களும் படம் போட்டுப் பார்க்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனாய். மகன் சினிமா எடுப்பவன், என்னையும் மதித்துக் கூட்டிப்போகிறான் என்று பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தேன். ஏசிக் குளிரில் மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தாய். தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். தமிழ் எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடுவேன், ஆனால் படத்துக்குக் கீழே ஓடிய இங்கிலீஷைப் பிடிக்க முடியவில்லை. நீ என் காதோரம் குனிந்து எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய். அதை நான் மறக்கமாட்டேன். நிஜமாகவே அந்த நாட்டில் நடந்தது என்றாய். பனி கொட்டுகிற சின்ன ஊர். சைக்கிள் பட்டறையில் வேலை பார்க்கும் பையன். கூடப் படித்தவனைக் கொன்றுவிடுகிறான். படம் முழுக்கக் கேமரா அவன் பிடரிக்குப் பின்னாலேயே போகிறது. புதிதாக முடி வெட்டிய பிடரி. லோகேஷுக்கும் முடி வெட்டிய அன்று அந்த இடம் அப்படித்தான் வெளுத்துத் தெரியும். அந்தப் பையன் சிறையில் சூப்பைக் குடித்துவிட்டு, தட்டைக் கழுவி வைக்கலாமா என்று காவலரிடம் கேட்டான் என்று நீ சொன்னபோது நான் அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று புரிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நீ பார்த்துவிட்டாய்.

அந்தப் படத்தில் பையனுடைய அம்மா ஒருத்தி வந்தாள். சிறைக்கு வந்து அவன் எதிரே உட்கார்ந்து நெடுநேரம் பேசினாள். அதை மட்டும் நீ எனக்குத் தமிழில் சொல்லவில்லை. "என்னடா சொல்றா?" என்று கேட்டேன். "சும்மா திட்றாம்மா. அவளாலதான் அவன் இப்படி ஆனான்" என்றாய். எனக்கு அவள் திட்டுவதாகத் தெரியவில்லை. கையில் ஒரு துணி வைத்திருந்தாள். மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடியும் மடிக்கிறாள். நீ படித்தவன், பாஷை தெரிந்தவன், அவள் திட்டியும் இருக்கலாம். ஆனாலும் அவ்வளவு நேரம் அவள் பேசியதற்கு நீ எனக்குக் கொடுத்தது ஒற்றை வரி.

படம் முடிந்து பக்கத்திலேயே வாழையிலைச் சாப்பாடு. "எப்படிம்மா இருந்துச்சு?" என்றாய். "பாவம்டா அந்தப் பையன்" என்றேன். சொன்னது நான்தான், மறுக்கவில்லை. நீ மேசையைத் தட்டிச் சிரித்தாய். "பாத்தியா! கொன்னவனப் பாத்து உன்னையே பாவம்னு சொல்ல வெச்சுட்டான். அதான்மா சினிமா!" அதற்குப் பிறகு எனக்கு ரசம் இறங்கவில்லை. உன் கண்ணில் ஏதோ பற்றிக்கொண்டது தெரிந்தது. என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து, படத்துக்குப் பூஜை என்று எங்களைக் கூப்பிட்டாய். மாலதி வேலை இருக்கிறது என்று வரவில்லை. "நம்ம வீட்டுக் கதைம்மா, நீதான் சூடம் ஏத்தணும்" என்றாய். யாருடைய கதை என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டில் அப்படிப் போனவன் ஒருவன்தானே! லோகேஷைத்தான் எடுக்கிறாய் என்று நினைத்தேன். நீ நீட்டிய கதை எழுதிய காகிதக் கட்டுக்கு விபூதி வைத்து, குங்குமம் வைத்து, சூடம் ஏற்றிக் கும்பிட்டேன். உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேன். அடுத்த வாரம் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் "என் பேரன் கதைய என் மகன் படமா எடுக்கறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சூடத்தைத்தான் நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. நம் ஆட்களுக்கு இது ஒரு வழக்கமாகிவிட்டது. விளக்கேற்றிவிட்டால் எல்லாம் பேசி முடித்ததாக அர்த்தம். யாரும் எதையும் பேசியிருக்கமாட்டோம். உன் மேல் மட்டும் தப்பில்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

பேப்பரைப் பார்த்த பிறகுதான் பூஜையிலிருந்து கொண்டுவந்து சாமி ரூமில் வைத்திருந்த அந்தக் காகிதக் கட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறாய். அந்தப் பையன் அமுதன். திக்கித் திக்கிப் பேசுகிறவன். நம் லோகேஷாக வருகிறவன் அவனைப் போலவே பேசிக்காட்டிக் கிண்டல் செய்கிறான். இதைப் படித்தால் மாலதிக்குக் கோபம் வரும், ஆனாலும் எழுதுகிறேன்: அது நிஜம். நம் வீட்டு வாசலில் நின்றே "வ... வ... வணக்கம்" என்று செய்துகாட்டுவான், நான் அதட்டினால் சிரிப்பான். என் பேரன் தங்கம்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். அதை நீ காட்டு. எனக்கு வலிக்கும், ஆனால் பொய் என்று சொல்லமாட்டேன். அந்தப் பையன் ராத்திரியில் கண்ணாடி முன்னால் நின்று தன் பெயரைத் திக்காமல் சொல்லிப் பழகுவதாக எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். உனக்கு எழுதத் தெரிகிறது. உன்னைப் பெற்றதில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை.

ஆனால் அவனைப் பெற்றவளை என்ன செய்து வைத்திருக்கிறாய்? சின்ன வயதில் அவனைப் பாத்ரூமில் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள். அவன் திக்கினால் அறைகிறாள். கடைசியில் கொட்டுகிற மழையில் போலிஸ் கதவை உடைத்துக்கொண்டு வரும்போது "எனக்கும் இவனுக்கும் சம்பந்தமில்ல" என்று கத்துகிறாள். அவள் எப்படி நடப்பாள், எப்படிச் சிரிப்பாள் என்று ஒன்றுமே இல்லை. அந்த ஜெர்மன் படத்து அம்மாவுக்குச் சேலை கட்டி கிள்ளானுக்குக் கூட்டிவந்துவிட்டாய். பையன் மேல் பரிதாபம் வர வேண்டும், அதற்கு யாராவது ஒருத்தர் கெட்டவராக இருக்க வேண்டும். கைக்கு எட்டியவள் அவள். போனில் உன்னைக் கேட்டேன், நினைவிருக்கும். "அந்த அம்மாவப் போய்ப் பாத்தியா?" "அவங்க யார்கிட்டயும் பேச மாட்டாங்கம்மா. கூட இருந்த பசங்ககிட்ட பேசிட்டேன். ரிசர்ச்லாம் முடிஞ்சுது." அதோடு வைத்துவிட்டாய்.

எனக்கு அவளிடம் கேட்க ஒன்று இருந்தது. அவள் நம் வீட்டு எழவுக்கு வந்தாள். உனக்கே தெரியும். துக்க வீட்டுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை, வந்தவரை நிறுத்துவதும் இல்லை. பக்கத்து புளோக்கிலிருந்து வந்து, மாலதியின் காலைப் பிடித்துக்கொண்டு, உடம்பை எடுக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் போன பிறகு எங்களோடு சேர்ந்து வீட்டைக் கழுவிவிட்டாள். மறுநாள் செய்தி வந்தபோது மாலதிக்கு வெறி பிடித்தது போல் ஆகிவிட்டது. "தெரிஞ்சுதான்மா வந்தா. நாம யாரச் சந்தேகப்படறோம்னு வேவு பாக்க வந்தா" என்றாள். அன்றிலிருந்து உன் அக்கா அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. உன் காகிதத்தில் அவள் எழவுக்கு வரவே இல்லை என்று கண்டபோதுதான், போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

கோயிலில் பூக்கட்டுகிற அம்மாவிடம் கேட்டு விலாசம் வாங்கினேன். செமினியில் ஒரு ஃபிளாட். கிராப் வாடகைக் கார் ஓட்டிய பையன் ஏறும்போது "ஆன்டி" என்றான், டோல் தாண்டியதும் "பாட்டி" ஆக்கிவிட்டான். "யாரப் பாக்கப் போறீங்க பாட்டி, சொந்தமா?" என்று கேட்டான். என்ன சொல்வது? "ஒரு வகையில சொந்தம்தான்" என்றேன். இறங்கி மாடி ஏறினேன். கதவைத் தட்டினேன். அவளே திறந்தாள். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலைக் கன்டீனில் சமைக்கிறாளாம். அன்று லீவு. முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கதவின் கிரில்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உள்ள வாங்கன்னு சொல்லலாமான்னு தெரியலக்கா" என்றாள். "சொல்லு, வரேன்" என்றேன்.

காப்பி கலந்து வைத்தாள். நான் தொடவில்லை. நேரடியாகவே கேட்டேன். "அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தியே, தெரிஞ்சா வந்தே?" அவள் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. அவன் காய்ச்சல்னு படுத்திருந்தான். கூட மேளம் அடிச்சவன் செத்துக் கெடக்கான், நீ வரலையாடான்னு திட்டிட்டுத்தான் வந்தேன். எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குப் போனேன். எழவுக்குப் போய்ட்டு வந்தா தலைக்கு ஊத்தாம உள்ள போகக்கூடாதில்ல? வாசல்லயே நின்னு, டேய், வாளியில தண்ணி கொண்டா, எனக்கு ஊத்துன்னு கூப்ட்டேன். எடது கையில வாளியத் தூக்கிட்டு வந்தான். வலது கையில துணி சுத்தியிருந்துச்சு. ஊத்தறப்ப அந்தத் துணி நனைஞ்சு அவுந்துருச்சு. உள்ளங்கையில இங்கருந்து இங்க வரைக்கும் வெட்டு. என்னடான்னேன். டின் மீன் தொறந்தேன், கிழிச்சிருச்சுன்னான். ஒரு வார்த்த திக்கலக்கா. பொறந்ததுலருந்து திக்குற புள்ள, அத மட்டும் திக்காமச் சொன்னான். எங்க வீட்ல டின் மீனே இல்ல."

அவள் அங்கே நிறுத்தினாள். கீழே யாரோ பிள்ளைகள் பந்து அடிக்கிற சத்தம். பிறகு சொன்னாள்.

"உள்ள போகாமயே நின்னேன். சேல தண்ணி சொட்டுது. ஒரு கால உள்ள வெச்சிருந்தா துணி மாத்தியிருப்பேன். மாத்தியிருந்தா அவனுக்குச் சோறு போட்டிருப்பேன். சோறு போட்டிருந்தா அப்புறம் என்னால முடிஞ்சிருக்காதுக்கா. கதவச் சாத்திட்டு வாடான்னேன். எங்கன்னு கேக்கல. ஈரச் சேலையோடவே போலிஸ் ஸ்டேஷனுக்கு நடந்தோம். பெரிய ரோட்டத் தாண்டறப்ப என் கையப் புடிச்சுக்கிட்டான். சின்னப் புள்ளையில புடிச்ச மாதிரி. அதோட சரி."

ஆகவே சேகர், எந்தப் போலிசும் எந்தக் கதவையும் உடைக்கவில்லை. மழையும் பெய்யவில்லை. நம் லோகேஷைக் கொன்றவனை, அவனைப் பெற்றவளே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டாள். இத்தனை வருஷம் அதைத் தன் வீட்டுக்கு வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. புருஷன் வீட்டார் அவளைத் துரத்திவிட்டார்களாம், காரணம் அதுதானாம். அவர்களுக்கு அவள் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள். நமக்கு அவள் கொலைகாரனைப் பெற்றவள். "ஏன் எங்ககிட்டயாச்சும் வந்து சொல்லல?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். "எதுக்குக்கா? நல்லவள்னு பேர் வாங்கவா அவனக் கொண்டுபோய் விட்டேன்?" சின்ன வயதில் அவனைப் பூட்டினாயா என்று கேட்டேன். மறைக்கவில்லை. "பூட்டுனது நெசந்தான். பாத்ரூம்ல இல்ல, வீட்டுக்குள்ள. ஷிஃப்ட்டு வேல, பாத்துக்க ஆளு இல்ல. அடிச்சதும் உண்டு. அதனாலதான் அப்படி ஆனானான்னு தெனமும் நெனைக்கறேன். தெரியல. அடி வாங்குன எல்லாப் புள்ளையும் கத்திய எடுக்கலியே." அவளுக்கே தெரியாததை நீ எப்படியடா தெரிந்துகொண்டாய்?

உன் படத்தைப் பற்றிச் சொன்னேன். கேள்விப்பட்டேன் என்றாள். இதையெல்லாம் நான் எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்தாள். "மொதல்ல மாலதிகிட்டச் சொல்லுங்க. அவங்க கேட்டப்புறம் யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க. பேரு மட்டும் வேணாம்" என்றாள். கிளம்பும்போது ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மாலதியிடம் சொல்லும்போது அவள் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இப்ப என்னை என்ன செய்யச் சொல்றம்மா? அவங்களக் கும்புடணுமா?" என்றாள். "நான் ஒன்னும் சொல்லலடி." "எனக்கு அவங்க நல்லவங்களா இருக்கறது வேணாம். கெட்டவங்களா இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது. உன் மவன் அதையாச்சும் ஒழுங்கா எழுதியிருக்கான், நீ போய்க் கெடுத்துட்டு வந்திருக்க." என்னென்னவோ கத்தினாள். நான் அவளைப் பெற்றவள், அவள் பறிகொடுத்தவள், வாங்கிக்கொண்டேன். பிறகு உன் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "இதுல லோகேஷ் மூனு எடத்துல பேசறான். மூனும் அந்தப் பயலக் கிண்டல் பண்ற பேச்சு. எம்புள்ள இந்த ஒலகத்துல பேசுனது அவ்ளோதானாம்மா?" என்று கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. இரக்கப்படாதே என்று நான் உன்னிடம் சொல்லவில்லை. அந்தப் பையன் மேல் எனக்கே இரக்கம் வந்தது. பனி ஊர்ப் பையன் மேல் முதலில் வந்தது, பெரிய ரோட்டில் அம்மா கையைப் பிடித்தவன் மேல் இப்போது வந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, மாலதி படிப்பாள் என்று பயமாகவும் இருக்கிறது. ஆனால் நீ காட்டுகிற இரக்கம் ஒருவனுக்குப் போய்ச் சேர இரண்டு பேரை வெறுங்கையாக நிறுத்துகிறது. செத்தவனிடமிருந்து பேச்சை எடுத்துக்கொண்டாய். பெற்றவளிடமிருந்து அவள் செய்ததையே எடுத்துக்கொண்டாய். கேட்டால் கதைக்காக என்பாய். உன் பத்தாவது வயதில் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு, நிஜத்தைவிட நல்ல கதை ஒன்று சொன்னாய். நான் சிரித்துவிட்டேன். இதற்கு அப்படிச் சிரிக்க முடியாது தம்பி. இது உடைந்த கண்ணாடி இல்லை.

என் பதில் இதுதான். இப்போது உன் கையில் இருக்கும் படத்துக்கு எனக்குச் சம்மதம் இல்லை. உன் அக்காவுக்குச் சம்மதம் இல்லை. பேப்பரில் நீ சொன்னது தவறு என்று இதைப் படிக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். மாலதியை இனி யாரும் பாசாரில் நிறுத்திப் பாராட்ட வேண்டாம், திட்டவும் வேண்டாம்; மீன் வாங்க விடுங்கள். மீறித் திங்கட்கிழமை ஆரம்பித்தால் நான் வந்து கேமராவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருவேன். என்னைத் தூக்கி அப்புறப்படுத்த உன் ஆட்களுக்குத் தைரியம் இருந்தால் செய்துகொள்ளட்டும். மிரட்டுகிறேன் என்று நினைக்கிறாயா? ஆமாம், மிரட்டுகிறேன்.

ஆனால் அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருக்கிறது. செமினியிலிருந்து அவள் அன்று மதியம் நம் வீட்டுக்கு வருகிறாள். நான்தான் கூப்பிட்டேன். வருவாளா என்று சந்தேகமாக இருந்தது. வரேன் என்றாள். மாலதியிடம் சொன்னேன், வரக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. அதற்கு மேல் அவளிடம் நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. அவர்கள் இருவரும் என்ன பேசுவார்கள், பேசுவார்களா, ஒருத்தி எழுந்து போய்விடுவாளா, எனக்குத் தெரியாது. சமைத்து வைப்பேன், சாப்பிடுவார்களா தெரியாது. நீயும் வா. கேமரா வேண்டாம். போனை வெளியே ஷூ அடுக்குகிற பெட்டியில் வைத்துவிட்டு வா. ஆராய்ச்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு ஓரமாக உட்கார்ந்து, அந்த அம்மா பேசினால் முழுவதையும் கேள். உன் அக்கா பேசினாலும் முழுவதையும் கேள். அவள் லோகேஷைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாள், நீ இதுவரை அவளை ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அதன் பிறகும் படம் எடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், எடு. அப்போது சூடம் ஏற்றக் கூப்பிடாதே. என்னையும் உன் அக்காவையும் உட்காரவைத்து, வாயைத் திறந்து கேள். சரி என்றோ இல்லை என்றோ நாங்களும் வாயைத் திறந்தே சொல்கிறோம்.

பேப்பர் வந்த நாளிலிருந்து மாலதி உன்னோடு பேசுவதில்லை, நீ அனுப்பும் செய்திகளைத் திறப்பதில்லை என்று என்னிடம் குறைப்பட்டாய். நேற்று அவளிடம், ஞாயிற்றுக்கிழமை உன் தம்பியும் வருவான், அவன் வந்தால் யார் கதவைத் திறப்பது என்று கேட்டேன். நான் திறக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

"தட்டட்டும். நான் தொறக்கறேன்" என்றாள்.

அம்மா